பட்டறைத் திறப்பை வாங்கும் முன்: திருகோணமலையில் புதிதாகச் சேரும் போதனாசிரியர்களுக்கு

தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலையம், தொழில்நுட்பப் பாடத்துறை உள்ள பாடசாலை என்று எங்கே நியமனம் கிடைத்தாலும் முதல் வாரத்தில் ஒரு திறப்புக் கொத்து உங்கள் கைக்கு வரும். அதோடு பட்டறையும் உங்கள் தலையில்தான். வகுப்பின் முன் நிற்கும்போது வரும் நடுக்கம் பாடம் தெரியாததால் வருகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். எந்த மிசின் ஓடும், எந்த மீற்றர் பொய் சொல்லும், வெல்டிங் ராட் பெட்டியில் எத்தனை மிச்சம் என்று தெரியாதவருக்குப் பட்டம் இருந்தாலும் கை நடுங்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பட்டறை முதலில் வருகிறது, கற்பித்தல் பிறகு. உதாரணங்கள் மின்னிணைப்பு, வெல்டிங் பட்டறைகளிலிருந்து எடுத்தவை. மற்றத் துறைக்காரர் பொருட்களின் பெயரை மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

1. எண்ணாமல் கையெழுத்து வைக்காதீர்கள்

கேட்டு வாங்க வேண்டிய கடதாசிகள் ஐந்து: கடமை பொறுப்பேற்ற கடிதத்தின் பிரதி, பொருட்பதிவேடு, கடைசியாக நடந்த ஆண்டுப் பொருட்கணக்கெடுப்பு அறிக்கை, வெளியே இரவல் கொடுத்த பொருட்களின் பட்டியல், திறப்புகளின் பட்டியல். கடைசி இரண்டும் பெரும்பாலும் எழுத்தில் இருக்காது. அப்படியானால் முன்பு பொறுப்பில் இருந்தவரைக் கொண்டு எழுதுவித்து ஒப்பம் வாங்குங்கள்.

முந்நூறு வரி உள்ள பதிவேட்டை இரண்டு பேர் ஒழுங்காக எண்ண மூன்று நாள் பிடிக்கும். ஒருவர் வாசிக்க மற்றவர் பொருளைத் தொட்டுக் காட்ட வேண்டும். "எல்லாம் இருக்குது சேர், ஆறுதலா பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே எண்ணத் தொடங்குங்கள்.

பெட்டியை எண்ணுவது பொருளை எண்ணுவது ஆகாது. மைக்ரோமீற்றர் பெட்டி ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். 0–25 மில்லிமீற்றர் மைக்ரோமீற்றரைத் துடைத்து மூடினால் பூச்சியம் காட்ட வேண்டும். வேணியரின் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடையில் ஒளிக்கீற்றுத் தெரியக் கூடாது. 1 முதல் 13 மில்லிமீற்றர் வரை அரை மில்லிமீற்றர் இடைவெளியில் வரும் ட்ரில் பிட் தொகுதியில் 25 துண்டு இருக்கும். 25 குழியும் நிரம்பியிருப்பதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். 4 மில்லிமீற்றர்க் குழியில் 3.5 நிற்கும், 3 மில்லிமீற்றர்க் குழியில் முறிந்த 2.5 நிற்கும். ஒவ்வொன்றையும் வேணியரால் அளந்துதான் சரி போட வேண்டும். மிசின்களுக்குப் பெயர்த்தகட்டில் உள்ள தொடரிலக்கத்தைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே நிறத்தில் ஒரே மாதிரி இரண்டு கிரைண்டர் இருந்தால் இது இன்னும் முக்கியம்.

குறைவு இருந்தால் அந்த வரியிலேயே "குறைவு" என்று தொகையோடு எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். அரச நிறுவனங்களில் இழப்பு பற்றிய விசாரணை நிதிப்பிரமாணம் 104இன் கீழ் நடக்கும். பொறுப்பேற்கும் நாளில் எழுதிய குறைவு முன்னவருடைய கணக்கில் போகும். ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்த குறைவுக்கு விளக்கம் எழுதப்போவது நீங்கள். முன்னவர் ஏற்கெனவே இடமாற்றம் பெற்றுப் போய்விட்டாரானால், அதிபரிடமோ பணிப்பாளரிடமோ எழுத்தில் கேட்டு மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னிலையில் எண்ணுங்கள். தனியே எண்ணிய பட்டியலுக்குப் பெறுமதி இல்லை.

2. கரண்டை முதலில் பாருங்கள்

மிசின்களைத் தொடுவதற்கு முன் பகிர்வுப் பெட்டியைத் திறவுங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா? சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றும் வரை செயன்முறை வகுப்பு இல்லை. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பொத்தான் சுவிட்சின் உள் பொறிமுறையை மட்டுமே சோதிக்கிறது. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழும். எர்த்தைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு பிளக்கின் எர்த் முனையிலிருந்தும் மிசினின் உலோக உடல் வரை தொடர்ச்சி, பிறகு எர்த் கம்பத்தின் தடை. பத்து ஓமுக்குக் கீழ் என்பது வழக்கமான இலக்கு. கரையோர மணலில் மாரி காலத்தில் அளந்தால் நல்ல எண் வரும். கச்சான் காற்று அடித்து மணல் காய்ந்து கிடக்கும் ஓகஸ்டில் அதே கம்பம் பல மடங்கு காட்டக்கூடும். ஆகவே காய்ந்த காலத்து அளவைத்தான் பதிவேட்டில் எழுதுங்கள்.

வயரிங்கின் காவல் தடையை 500 வோல்ற் மெகரால் அளந்தால் குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். அளக்கும் முன் கணினி, இன்வேர்ட்டர் வெல்டிங் மிசின் போன்ற இலத்திரனியல் உள்ளவற்றைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் சோதனையே அவற்றைப் பழுதாக்கிவிடும்.

வயர் நிறம் இன்னொரு கண்ணி. பழைய கட்டடங்களில் சிவப்பு உயிர் (கரண்ட் உள்ள வயர்), கறுப்பு நடுநிலை. புதிய முறையில் பிரவுண் உயிர், நீலம் நடுநிலை. புதிய மும்முனை (திரீ பேஸ்) இணைப்பில் பிரவுண், கறுப்பு, சாம்பல் மூன்றும் உயிர். ஒரே கட்டடத்தில் பாதி பழையது, பாதி புதியது என்றால் கறுப்பு வயரை நம்பித் தொடக் கூடாது. பகிர்வுப் பெட்டியின் கதவில் இதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். வட்ட முனைப் பிளக்கும் சதுர முனை 13 அம்பியர் பிளக்கும் கலந்திருக்கும் பட்டறைகளில் அடப்டர் மேல் அடப்டர் தொங்கும். வெல்டிங் மிசினையோ பெரிய கிரைண்டரையோ ஒருபோதும் அடப்டரில் கொடுக்காதீர்கள். சொக்கெட்டை மாற்றும் செலவு, அடப்டர் உருகிய பிறகு ஆகும் செலவை விடக் குறைவுதான்.

3. மூன்று நிறத் துண்டு

எல்லா மிசினுக்கும் ஒரு நிற அட்டைத் துண்டு கட்டுங்கள்: பச்சை ஓடுவது, மஞ்சள் சிறு திருத்தம் வேண்டியது, சிவப்பு தொடக் கூடாதது. சிவப்புத் துண்டு கட்டியதன் பிளக்கையும் கழற்றி உங்கள் லாச்சியில் வைத்துப் பூட்டுங்கள். துண்டை மட்டும் நம்பினால் பின்னேர வகுப்புக்காரர் யாராவது ஓட்டிப் பார்ப்பார்.

மேசைக் கிரைண்டரில் பொருள் தாங்கிக்கும் சில்லுக்கும் இடையே 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மேலே உள்ள நாக்குத் தகட்டுக்கு 6 மில்லிமீற்றர். சில்லு தேயத் தேய இந்த இடைவெளி கூடும், யாரும் சரி செய்ய மாட்டார்கள். விரலோ தேய்க்கும் பொருளோ இழுபட்டு உள்ளே போவது அந்த இடைவெளியால்தான். அலுமினியத்தை அந்தச் சில்லில் தேய்க்க விடாதீர்கள், துளைகள் அடைபட்டுச் சில்லு சூடேறும்.

கைக் கிரைண்டர் டிஸ்க்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதி அடித்திருக்கும். பிசினால் கட்டிய டிஸ்க்குகளுக்கு உற்பத்தியிலிருந்து மூன்று ஆண்டு. அலுமாரியின் அடியில் கிடக்கும் பழைய கட்டுகளை இரக்கம் பாராமல் உடைத்து எறியுங்கள், கணக்கில் எழுதிவிட்டு. நாலரை அங்குல டிஸ்க் நிமிடத்துக்கு 13,300 சுற்று வரை தாங்கும், ஏழு அங்குல டிஸ்க் 8,500 வரைதான். சிறிய கிரைண்டர் சுமார் 11,000 சுற்றில் ஓடும். காவல் தகட்டைக் கழற்றிவிட்டு அதில் பெரிய டிஸ்க் மாட்டுவது ஊர்ப் பட்டறைகளில் சாதாரணம். உங்கள் பயிலுநர்களில் சிலர் அந்தப் பழக்கத்தோடுதான் வருவார்கள்.

மல்ரிமீற்றர்களில் வோல்ற் சரியாகக் காட்டும், அம்பியர் காட்டாது என்றால் உள்ளே பியூஸ் போயிருக்கிறது. அம்பியர் துளையில் வயரை விட்டபடியே வோல்ற்றை அளந்த யாரோ ஒருவரின் வேலை. பழையதைப் போல அதே அளவுள்ள செரமிக் பியூஸ் போடுங்கள். கண்ணாடிப் பியூஸோ, கம்பி சுற்றிய பியூஸோ போட்டால் அடுத்த தடவை மீற்றர் கையிலேயே வெடிக்கலாம்.

4. வகுப்புக்கு முன் நீங்களே இரண்டு தடவை செய்யுங்கள்

நம்பிக்கை என்று பெரிதாகப் பேசுவதெல்லாம் இந்த ஒரு வேலையில் அடங்கிவிடும். ஒரு செயன்முறையை வகுப்பில் காட்டும் முன், அதே பட்டறையில், அதே மிசினில், அதே பொருளில் இரண்டு தடவை செய்து பாருங்கள். முதல் தடவை மெதுவாக, எங்கே தடுமாறுகிறீர்கள் என்று குறித்தபடி. இரண்டாம் தடவை மணிக்கூட்டைப் பார்த்து. வேறு இடத்தில் பத்து வருடம் வெல்டிங் செய்தவராக இருந்தாலும் இந்த மிசினின் குணம் உங்களுக்குத் தெரியாது.

வெல்டிங்கை எடுங்கள். 3.2 மில்லிமீற்றர் 6013 வகை ராடுக்கு 90 முதல் 130 அம்பியர் வரை என்று பெட்டியில் இருக்கும். 110இல் வைத்துத் தொடங்குவீர்கள். ஆனால் பழைய மிசினின் முள் காட்டும் 110 உண்மையில் 110 ஆக இருப்பதில்லை. கேபிள் நீளமாக இருந்தால், எர்த் கிளிப் துருப்பிடித்திருந்தால் இன்னும் குறையும். ராட் ஒட்டிக்கொண்டே இருந்தால் வகுப்பின் முன் உங்கள் முகம்தான் சிவக்கும். முதல் நாளே துண்டு இரும்பில் இழுத்துப் பார்த்து, நன்றாக ஓடும் இடத்தில் முள்ளுக்கு நேரே வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் நேராக அந்தப் புள்ளிக்குத் திருப்பிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

நேரக் கணக்கு: உங்களுக்கு 20 நிமிடம் பிடித்தால் புதிய பயிலுநருக்கு ஒரு மணித்தியாலம். மூன்று மணித்தியால வகுப்பில் கருவி கொடுக்க 15 நிமிடம், செய்து காட்ட 20, துப்புரவு செய்து எண்ண 20 போக மிஞ்சுவது 125 நிமிடம். ஆகவே உங்களுக்கு 40 நிமிடத்துக்குள் முடியும் வேலையைத்தான் ஒரு வகுப்புக்கு வைக்கலாம். அதைவிடப் பெரிய வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முடியாத வேலையோடு வீட்டுக்குப் போகும் பயிலுநர் அடுத்த வகுப்புக்கு வர யோசிப்பார்.

செய்து காட்டும்போது நான்கு கட்டம் வையுங்கள். முதலில் வழக்கமான வேகத்தில், வாய் திறக்காமல். பிறகு மெதுவாக, ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்லி. மூன்றாவதாகப் பயிலுநர் ஒருவர் படிகளைச் சொல்ல நீங்கள் செய்யுங்கள், அவர் பிழையாகச் சொன்னால் செய்யாமல் நில்லுங்கள். கடைசியில் அவர் சொல்லிக்கொண்டே செய்யட்டும். மூன்றாவது கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். யாருக்கு விளங்கவில்லை என்பது சேதம் இல்லாமல் தெரியவரும் இடம் அது.

இருவழிச் சுவிட்ச் இணைப்பில் எங்கே பிழைக்கும் என்று முன்பே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பொது முனையை மற்ற இரண்டோடு மாற்றிவிடுவார்கள், அப்போது ஒரு சுவிட்ச் ஒரு நிலையில் இருந்தால் மட்டும் மற்றது வேலை செய்யும். நடுநிலையைச் சுவிட்சுக்குள் கொண்டுபோவார்கள், குமிழ் ஒழுங்காக எரிந்து அணையும், ஹோல்டரில் மட்டும் கரண்ட் நிற்கும். இரண்டாவதை வகுப்பில் வேண்டுமென்றே ஒரு தடவை செய்து, சுவிட்சை அணைத்த பிறகு ஹோல்டருக்கும் எர்த்துக்கும் இடையே மீற்றரை வைத்துக் காட்டுங்கள். 230 என்று திரையில் வரும்போது பின்வரிசைப் பேச்சும் நின்றுவிடும்.

தெரியாத கேள்வி வரும். மூதூரில் படகு எஞ்சின் கழற்றிப் பழகியவரும், கிண்ணியாவில் மோட்டர் சுற்றும் கடையில் நின்றவரும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். சிலவற்றில் அவர்களுக்கு உங்களைவிடக் கை ஓடும். மழுப்பினால் ஒரே நாளில் பிடிபடுவீர்கள். பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம் போட்டுக் கேள்வியை எழுதுங்கள், அடுத்த வகுப்பில் விடையோடு வந்து அதை அழியுங்கள். கை ஓடுபவரை மற்றவர்களுக்குக் காட்டச் சொல்லுங்கள், ஆனால் பாதுகாப்பு விதியில் அவருக்கும் சலுகை கொடுக்காதீர்கள்.

சொற்பட்டியல் ஒன்றும் தேவைப்படும். பாடநூலில் "நுண்மானி", கடையில் "மைக்ரோமீற்றர்", பக்கத்தில் நிற்கும் சிங்களப் பயிலுநருக்கு வேறொரு சொல். மூன்று நிரலில் ஒரு தாளை அடித்து ஒட்டினால் மதிப்பீட்டு நாளில் சொல் விளங்காமல் யாரும் விழிக்க மாட்டார்கள்.

5. நுகர்பொருள்: கணக்கும் கொள்வனவும்

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு அளவைக் கணக்கிடப் பழகுங்கள். 16 பேர், இருவர் ஒரு பலகை என்றால் 8 பலகை. ஒரு பலகைக்கு 1/1.13 வயர் (1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பி) 6 மீற்றர் வீதம் 48 மீற்றர், கழிவு 15 வீதம் சேர்த்தால் 55. 100 மீற்றர்ச் சுருள் ஒன்று இரண்டு தொகுதிக்குக் காணாது. வெல்டிங்கில் ஒருவருக்கு ஒரு வகுப்பில் 12 ராட் வைத்தால் 16 பேருக்கு 192. 3.2 மில்லிமீற்றர் ராட் 2.5 கிலோப் பெட்டியில் ஏறத்தாழ 80 இருக்கும். ஆக ஒரு வகுப்புக்கு இரண்டரைப் பெட்டி. இந்தக் கணக்கை ஒரு தாளில் காட்டினால் கோரிக்கை வெட்டுப்படுவது குறையும். "ராட் 10 பெட்டி தேவை" என்று மட்டும் எழுதினால் ஐந்துதான் வரும்.

நிதியாண்டு சனவரியில் தொடங்கினாலும் பணம் கைக்கு வரச் சுணங்கும். முதல் காலாண்டுக்கான பொருளை முந்திய ஆண்டிலேயே மிச்சம் பிடித்து வைப்பது நல்லது. சில்லறைக் கொள்வனவுக்கு ஒன்றிரண்டு வாரம், மூன்று விலைக்கோரல் எடுக்கும் கொள்வனவுக்கு ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம், தலைமையகம் வாங்கித் தரும் இயந்திரத்துக்கு அரை ஆண்டுக்கு மேல் என்று வைத்துத் திட்டமிடுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு தொடங்கும் கொள்வனவு திசம்பர்க் கணக்கு முடிவுக்குள் அடங்காமல் போகக்கூடும்.

விலைக்கோரலில் இரண்டு பொறி. ஒன்று, விவரக்குறிப்பு. "மல்ரிமீற்றர் 5" என்று கேட்டால் ஆகக் குறைந்த விலைப் பொம்மை மீற்றர்தான் வரும். அளக்கும் எல்லை, கேட் 3 (CAT III) 600 வோல்ற் பாதுகாப்புத் தரம், செரமிக் பியூஸ், உத்தரவாதக் காலம் எல்லாவற்றையும் எழுதுங்கள். மற்றது, செல்லுபடிக் காலம். முப்பது நாள் என்று போட்ட விலை, அங்கீகாரம் வரும்போது காலாவதியாகி, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அறுபது நாள் கேளுங்கள்.

நகரத்துக் கடைகளில் வயர், சுவிட்ச், ராட், டிஸ்க் கிடைக்கும். இலத்திரனியல் உதிரிகளுக்குக் கொழும்பு முதலாம் குறுக்குத் தெரு, கைக்கருவிகளுக்குப் பழைய சோனகத் தெரு, வாகன உதிரிக்குப் பஞ்சிகாவத்தை. போக்குவரத்துச் செலவையும் கோரிக்கையிலேயே சேருங்கள். அவசரத்துக்குச் சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டுப் பிறகு பற்றுச்சீட்டு நீட்டாதீர்கள். முன் அனுமதி இல்லாத பற்றுச்சீட்டு பெரும்பாலும் உங்கள் செலவாகவே நின்றுவிடும்.

6. நான்கு கொப்பி

கருவி இரவல் கொப்பி, நுகர்பொருள் கொப்பி, மிசின் பராமரிப்புக் கொப்பி, விபத்துக் கொப்பி. இவை போதும். பத்துப் பதிவேடு தொடங்கியவர் ஒன்றையும் நிரப்ப மாட்டார்.

கருவிகளைப் பலகையில் அதன் உருவம் வரைந்து அதன் மேல் தொங்க விடுங்கள். ஒவ்வொரு பயிலுநருக்கும் இலக்கமிட்ட ஐந்து பிளாஸ்டிக் வில்லை. குறடு ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் வில்லையை மாட்ட வேண்டும். வகுப்பு முடிவில் பலகையைப் பார்த்தாலே யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரியும். கடைசிப் பயிலுநர் வாசலைத் தாண்டும் முன் எண்ணி முடியுங்கள்.

என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) மதிப்பீட்டுக்கு, தேர்ச்சி நியமத்தின் அலகு வாரியாக யார் எதை எப்போது செய்தார் என்ற குறிப்பு வேண்டும். அன்றன்று எழுதினால் ஐந்து நிமிடம். மதிப்பீட்டுக்கு முதல் வாரம் இருந்து எழுதினால் மூன்று இரவு, அதுவும் ஞாபகத்திலிருந்து.

7. உடையும் விபத்தும்

செருப்போடு வருபவரை உள்ளே விடாதீர்கள், முதல் நாளிலிருந்தே. ட்ரில் மிசினிலும் லேத்திலும் கையுறை போடக் கூடாது, சுழலும் முனை கையுறையோடு கையையும் இழுக்கும். வெல்டிங்கில் தோல் கையுறை கட்டாயம். சால்வை, பர்தா, நீள் கூந்தல் என்று வரும்போது கட்டளை போடாமல், பருத்தித் தலைமூடியும் இறுக்கமான கைமுனையும் உள்ள மேலங்கியைப் பட்டறையே வைத்திருப்பது சுமுகமான வழி. பொலியெஸ்டர் துணி பொறிபட்டால் உருகித் தோலில் ஒட்டும் என்பதை ஒரு துண்டை எரித்துக் காட்டினால் விவாதம் வராது.

தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீர் 20 நிமிடம். பற்பசை, எண்ணெய் வேண்டாம். கரண்ட் அடித்தால் முதலில் மெயினை அணையுங்கள், பிறகுதான் ஆளைத் தொடலாம். அம்புலன்சுக்கு 1990, தீயணைப்புக்கு 110. வெல்டிங் வெளிச்சம் பட்ட கண் உடனே நோகாது, இரவில்தான் மணல் விழுந்தது போல் உறுத்தும். இதை வகுப்பிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் நள்ளிரவில் வீட்டார் பயந்துபோவார்கள்.

காபனீரொட்சைட்டுத் தீயணைப்பானில் முள் இராது. நிறுத்துப் பார்த்துத்தான் நிரம்பியிருக்கிறதா என்று அறியலாம். உடலில் அடித்திருக்கும் நிறையோடு ஒப்பிடுங்கள்.

8. உப்புக் காற்றும் மாரியும்

உட்துறைமுகப் பக்கமோ நிலாவெளிப் பக்கமோ பட்டறை இருந்தால் துரு உங்களோடு போட்டி போடும். வெள்ளிக்கிழமை கடைசிப் பதினைந்து நிமிடம் எண்ணெய்த் துணிக்கு: லேத்தின் தண்டவாளம், வைஸ், வேணியர், ட்ரில் பிட். ஒக்டோபர் நடுவிலிருந்து சனவரி வரை மழையும் வாடையும். அதற்குள் கூரை ஒழுக்கைப் பாருங்கள், தரையில் வைத்த எல்லாவற்றையும் பலகை மேல் ஏற்றுங்கள்.

திறந்த ராட் பெட்டி ஈரத்தைக் குடிக்கும். ஈர ராட் படபடவென்று தெறிக்கும், வெல்டில் சிறு துளைகள் விழும், பயிலுநர் தன் கையைப் பழி சொல்வார். 6013ஐ 100 பாகையளவில் ஒரு மணித்தியாலம் சூடாக்கினால் பெரும்பாலும் சரியாகும். 7018 வகை ராடுக்கு 300 பாகைக்கு மேல் வேண்டும், வீட்டு அடுப்பு அதற்குக் காணாது. மூடிய அலுமாரிக்குள் 40 வாட் இழைக் குமிழ் ஒன்றை எரியவிட்டு ராடையும் மீற்றர்களையும் வைக்கலாம். எல்ஈடி குமிழ் போட்டால் வெளிச்சம் மட்டும்தான் வரும், சூடு வராது. நீண்ட விடுமுறைக்கு முன் மீற்றர்களின் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

9. ஆண்டுக் கணக்கெடுப்பு

ஆண்டு இறுதியில் கணக்கெடுப்புக் குழு வரும். அதற்கு முன் அழகுபடுத்துகிறோம் என்று உடைந்த பொருட்களை எறிந்துவிடாதீர்கள். உடைந்த சுத்தியலும் கணக்கில் ஒரு சுத்தியல்தான், காட்ட முடியாவிட்டால் குறைவு என்று எழுதப்படும். சிவப்புத் துண்டு கட்டியவற்றை ஒரு மூலையில் சேர்த்து, பதிவேட்டு இலக்கம், பழுது, திருத்தச் செலவின் மதிப்பீடு மூன்றையும் பட்டியலிட்டுக் கொடுங்கள். அகற்றப் பரிந்துரைத்தவை ஏலத்துக்கோ அழிப்புக்கோ எழுத்தில் உத்தரவு வரும் வரை அதே மூலையில்தான் கிடக்கும், சில வேளை அடுத்த கணக்கெடுப்பு வரையும். அதுவரை அவற்றின் உதிரியைக் கழற்றி வேறு மிசினுக்குப் போட்டால், எதை எதற்குப் போட்டீர்கள் என்பதைப் பராமரிப்புக் கொப்பியில் அன்றைக்கே எழுதி அதிபரின் ஒப்பத்தையும் வாங்கி வையுங்கள்.